பழைய எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய மாஸ்டா எம்எக்ஸ்-5 சிவப்பு நிறம், 1999-ஆம் ஆண்டுக் கார். லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பளபளவென்று நின்றது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பியது. கியர் ஒவ்வொன்றும் கச்சிதமாக விழுந்தது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, சோதித்தவர் என்னை லிஃப்டுக்குக் கீழே கூப்பிட்டார். எஞ்சினைத் தாங்கி நிற்கும் முன்சட்டத்தில் ஒரு கருவியின் முனையை வைத்து லேசாக அழுத்திக் காட்டினார். முனை உள்ளே போனது. துருத் தூள் அவர் தோளில் கொட்டியது. எஞ்சினுக்கு அன்றும் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு நண்பர்களுக்காகவும் உறவுக்காரப் பிள்ளைகளுக்காகவும் இதே ரகத்தில் நிறையக் கார்களைப் போய்ப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் எப்படி?" என்பதுதான். இருபது, முப்பது வருஷக் காரில் எஞ்சினைக் கடைசியில் பார்த்தாலும் போதும் என்பது என் எண்ணம். முக்கியத்துவத்தில் முதலில் இரும்பு, அடுத்தது காகிதம், அப்புறம்தான் எஞ்சின். பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கும் புதியவர்களுக்காக, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம்

எம்எக்ஸ்-5 முதலில் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. தயாராவது ஜப்பானின் ஹிரோஷிமாவில். எஞ்சின் முன்னால், உந்துசக்தி பின்சக்கரங்களுக்கு, இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, எடை ஒரு டன்னைச் சுற்றி. முகப்பு விளக்குகள் மேலெழும்பி வரும் முதல் தலைமுறை 1997 வரை வந்தது. விளக்குகள் நிலையாக இருக்கும் இரண்டாம் தலைமுறை 1998 முதல் 2005 வரை. இந்தக் கட்டுரை இவ்விரண்டையும் பற்றியது. ஜப்பானிலிருந்து இறக்குமதியான முதல் தலைமுறைக் கார்களில் 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்று பெயர் இருக்கும். அதுவும் இதே கார்தான்.

வேறு கார் மேல் ஆசை என்றால், அந்தக் காருக்கே உரிய பலவீனம் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் கவனிக்க வேண்டியது எஞ்சினுக்குள் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங். அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே பலரும் அந்த பேரிங்கையும் மாற்றிவிடுவார்கள். அதற்கான ரசீது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என்றால், அதன் ரோட்டரி எஞ்சினுக்கு ஏற்ற கருவியை வைத்து எடுத்த கம்ப்ரெஷன் (எஞ்சின் உள்ளழுத்தம்) அறிக்கை இல்லாமல் பேச்சே வேண்டாம். ஓடிச் சூடான நிலையில் அணைத்து, உடனே மறுபடி கிளம்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். எம்எக்ஸ்-5க்கு அந்த பலவீனம் துரு.

வீட்டில் உட்கார்ந்தபடியே பாதிக் கார்களைக் கழித்துவிடலாம்

விளம்பரத்தில் நம்பர் பிளேட் தெரிந்தால் போதும். அரசின் இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் எம்.ஓ.டி. வரலாறு முழுவதும் இலவசமாக வரும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து கார்களுக்கு 2005 முதல் நடந்த சோதனைகள் அதில் இருக்கின்றன. இவ்வளவு உதவியான ஒன்று கையில் இருக்கும்போதும் பலர் 'பாஸா, ஃபெயிலா' என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதை மூன்று தடவை படிக்க வேண்டும்.

முதல் தடவை மைல் கணக்கை மட்டும் பாருங்கள். வருஷா வருஷம் சீராக ஏறியிருக்கிறதா? எங்காவது குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். இறக்குமதிக் காரில் கிலோமீட்டரை மைலாக எழுதிய குழப்பமாகவும் இருக்கலாம். மூன்று நான்கு வருஷம் சோதனையே நடக்கவில்லை என்றால், அந்தக் காலத்தில் கார் எங்கோ ஓரமாக நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை, ஃபெயில் ஆகாமல் 'கவனித்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் எழுதும் குறிப்புகளைப் படியுங்கள். இங்கே அவற்றை அட்வைசரி என்பார்கள். துரு என்ற சொல் எந்த வருஷம் முதலில் தலைகாட்டியது, அடுத்த வருஷம் என்ன ஆனது? ஒரு வருஷம் 'லேசான துரு', அடுத்த வருஷம் 'கூடுதலான துரு', அதற்கடுத்த வருஷம் குறிப்பே இல்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. வெல்டிங் செய்து சரியாக்கியிருக்கிறார்கள், அல்லது மேலே அண்டர்சீல் என்னும் கறுப்பு அடிப்பூச்சைப் பூசி மறைத்திருக்கிறார்கள். முதலாவது என்றால் ரசீதும் படங்களும் இருக்கும்.

மூன்றாம் தடவை, உரிமையாளரின் குணத்தைப் படியுங்கள். ஒரே டயர் குறிப்பு மூன்று வருஷமாகத் தொடர்ந்து வந்தால், அவர் ஃபெயில் ஆகும்வரை எதையும் தொடாதவர். கண்ணுக்குத் தெரியும் டயரையே மாற்றாதவர் கண்ணுக்குத் தெரியாத ஆயிலை மாற்றியிருப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

பிடித்த கார் என்றால் கொஞ்சம் பணம் கட்டி இன்னொரு சோதனையும் செய்யுங்கள். கார் மீது கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டுக் காரா, விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்ட காரா என்பதைச் சொல்லும் தனியார் சேவைகள் உண்டு. அப்படிக் கழித்ததில், காரின் இரும்புச் சட்டம் அடிபட்டிருந்தால் 'எஸ்' பிரிவு, மற்ற சேதத்துக்கு 'என்' பிரிவு. 2017-க்கு முந்தைய பதிவுகளில் 'சி', 'டி' என்று இருக்கும். புதியவர்கள் 'எஸ்' பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

லண்டனில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் யூலெஸ் எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. தகுதியில்லாத காரை ஓட்டிய ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டணம். பழைய எம்எக்ஸ்-5களில் சில தேறும், சில தேறாது. லண்டன் போக்குவரத்துத் துறையின் பக்கத்தில் பதிவு எண்ணைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருந்துகொண்டு தினமும் வேலைக்கு ஓட்ட நினைப்பவர்கள் விலை பேசும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

போனில் பேசும்போது

எத்தனை வருஷமாக வைத்திருக்கிறீர்கள், ஏன் விற்கிறீர்கள், டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது, வெல்டிங் எங்காவது செய்திருக்கிறதா, வி5சி பதிவுப் புத்தகம் உங்கள் பெயரில் கையில் இருக்கிறதா. இவை போதும். கடைசியாக ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "நான் வரும்வரை எஞ்சினைக் கிளப்பாமல் வையுங்கள்." ஆற்றிவைத்த எஞ்சினைக் காட்டத் தயங்குபவரிடம் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மழை இல்லாத பகலில் போங்கள். ஈரமான பெயின்ட் எந்தக் காரையும் அழகாகக் காட்டும். நல்ல டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், பழைய போர்வை ஒன்று, ஒரு பாட்டில் தண்ணீர், வெள்ளை டிஷ்யூ பேப்பர். இவ்வளவுதான் சாமான். உங்களைவிட இந்தக் காரில் ஆசை குறைந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

துருவைத் தேடும் வேலை

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் இங்கே சாலைகளில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் படிகிறது. அது வெளியிலிருந்து வரும் துரு. எம்எக்ஸ்-5க்கு உள்ளிருந்து வரும் துருவும் ஒன்று உண்டு. அது எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

மடக்குக் கூரையின் மேல் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் காரின் அடிக்கு இறங்கும். அந்தக் குழாய்களில் இலையும் அழுக்கும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். போக வழியில்லாத தண்ணீர் பொங்கி, கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரும்புப் பெட்டிக்குள் இறங்கித் தேங்கும். இந்தப் பெட்டியை இங்கே சில் என்பார்கள். நிலையான கூரையில்லாத காரில் உடம்பின் பலத்தில் பெரும்பங்கு இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அது உள்ளேயே உளுத்துக்கொண்டு வரும். வெளியே பெயின்டில் ஒரு சின்னக் கொப்பளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

அதனால் போர்வையை விரித்து, பின்சக்கரத்துக்கு முன்னால் படுத்துப் பாருங்கள். சில்லின் பின்முனையும் சக்கர வளைவும் சேரும் இடம்தான் முதலில் போகும். கட்டை விரலால் அழுத்துங்கள். இரும்பு இரும்பாக இருக்க வேண்டும். மொறுமொறுவென்று சத்தம் வந்தாலோ, கொஞ்சம் அமுங்கினாலோ அதுதான். காந்தத்தை அதே வரிசையில் நகர்த்துங்கள். ஒட்டாத இடம் புட்டி பூசிய இடம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்: ஒரு பக்கம் ஜாக்கி வைக்கும் விளிம்பு நேராகவும் மறுபக்கம் மழுங்கியும் இருந்தால், மழுங்கிய பக்கத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் விற்பவரிடம் கேட்டுவிட்டு, இருக்கைக்குப் பின்னால் வடிகுழாய் வாயில் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் காருக்கு அடியில் உடனே ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால், அந்தக் கார் எத்தனை மழைக்காலம் அப்படி நின்றதோ என்ற கேள்வி வருகிறது. கம்பளத்தைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டும், டிக்கியில் பேட்டரி இருக்கும் மூலையில் டார்ச் அடித்தும் பாருங்கள். ஆமாம், இந்தக் காரில் பேட்டரி டிக்கியில்தான் இருக்கிறது.

இரண்டாம் தலைமுறைக் காரில் இன்னோர் இடம் உண்டு. என் சிவப்புக் கார் விழுந்தது அங்கேதான். எஞ்சின் அறையின் இரண்டு பக்கமும் முன்னோக்கி நீளும் சட்டங்களின் முன்பகுதி, மோதலைத் தாங்குவதற்காக இரண்டு தகடுகளாகச் செய்யப்பட்டிருக்கிறது. தகடுகளுக்கு நடுவே ஈரம் தங்கி உள்ளேயே தின்றுவிடும். பிளாஸ்டிக் அடித்தட்டு அதை மறைத்துக்கொண்டிருக்கும். எம்.ஓ.டி. சோதிப்பவருக்கு எதையும் கழற்றிப் பார்க்க அனுமதி இல்லை. ஆகவே அடித்தட்டு மாட்டியிருந்த வருஷமெல்லாம் கார் பாஸ் ஆகியிருக்கலாம். டார்ச்சை முன்சக்கரத்தின் பின்னாலிருந்தும் பம்பரின் அடியிலிருந்தும் அடித்துப் பாருங்கள். சரியாகத் தெரியவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கராஜில் அரை மணி நேரம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கப் பணம் கொடுங்கள். இந்த ஒரு இடத்துக்காக மட்டுமே அந்தச் செலவு தகும்.

ஜப்பானிலிருந்து சமீபத்தில் வந்த கார்களின் அடி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஆனால் அண்டர்சீல் இல்லாமல் வந்த கார் இங்கே நாலைந்து குளிர்காலத்தைப் பார்த்துவிட்டால், அந்தச் சுத்தமும் போயிருக்கும். இறக்குமதி என்றால் இங்கே வந்த வருஷத்தைக் கேளுங்கள். புத்தம் புதிதாகக் கறுப்புப் பூசிய அடியைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. பூசும் முன் எடுத்த படங்கள் இருந்தால் சரி.

எஞ்சின் ஆறியிருக்கும்போது

பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்கள் வேண்டுகோளை அவர் கேட்கவில்லை.

ஆயில் மூடியைத் திறங்கள். உள்பக்கம் தயிர் மாதிரி திட்டாக இருந்தால், ஆயிலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கலாம். குளிர்காலத்தில் கடைவரை மட்டுமே போய்வரும் காரிலும் இது கொஞ்சம் வரும் என்பதால், அதைத் தனியாக வைத்து முடிவு கட்டாமல் கூலன்டையும் சேர்த்துப் பாருங்கள். கூலன்டின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. அப்படியே ரேடியேட்டரின் மேல்பக்கப் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக மாறியிருந்தால் அதற்கு வயதாகிவிட்டது, விரிசல் விட அதிக நாள் ஆகாது. பெரிய செலவல்ல, ஆனால் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிக் கெடும்.

1.6 எஞ்சினுள்ள ஆரம்பகால முதல் தலைமுறைக் காராக இருந்தால், முன்னால் கீழே பெல்ட்டைச் சுழற்றும் சக்கரமான கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். 1991 வாக்கிலான கார்கள் வரை, அது மாட்டியிருக்கும் கிராங்க் ஷாஃப்ட் என்னும் தண்டின் முனை குட்டையானது. புல்லியைப் பிடிக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். புல்லியின் முகத்தில் நான்கு துளைகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் திருத்தப்பட்ட நீள முனை. எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடாமல் சுழல வேண்டும்.

இப்போது கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். குளிரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து மறைவது இயல்பு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றால் கூலன்ட் எரிகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. முதல் தலைமுறையில் கிளம்பியதும் 'டக் டக்' என்று மேலிருந்து ஒரு தட்டல் கேட்கும். ஹைட்ராலிக் லிஃப்டர்களில் ஆயில் ஏறும்வரை வரும் சத்தம் அது. சூடானதும் அடங்கினால் கவலை வேண்டாம். கீழிருந்து கனமாக வரும் தட்டல் வேறு. அதைக் கேட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

எஞ்சினின் பின்பக்கத்தில் ஆயில் கசிந்திருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். முதல் தலைமுறையில் பெரும்பாலும் அங்கே இருக்கும் கேம் சென்சாரின் ரப்பர் வளையம் காய்ந்துபோனதால் வரும் கசிவு அது. வளையத்தின் விலை மிகக் குறைவு. டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அதோடு வாட்டர் பம்பையும் மாற்றுவது வழக்கம். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறையுங்கள். "நண்பர் ஒருவர் மாற்றிக் கொடுத்தார்" என்பது ரசீது ஆகாது.

ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் காப்பீடு உங்களுக்குச் செல்லுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிஷம் இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இந்தக் காரின் சுபாவம் அது. சூடான பிறகும் கரகரவென்று அரைத்தால் கியர்பாக்ஸில் தேய்மானம். கிளட்ச் மிதி தொய்வாக இறங்கி, கியர் விழ மறுத்தால் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. அடிக்கடி வரும் சின்னச் செலவு. நாலாம் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள்: எஞ்சின் வேகம் ஏறியும் கார் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

ஆளில்லாத நேர்சாலையில் பிரேக்கை உறுதியாக மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பின்பக்க பிரேக் காலிப்பர் இறுகிக்கொள்வது இந்தக் காரில் சகஜம், அதிலும் நின்றே கிடந்த காரில். ஓட்டி முடித்ததும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதுதான் இறுகியிருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் பத்து வருஷ டயர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. நாலு டயரும் நாலு கம்பெனியாக இருந்தால் அதுவும் உரிமையாளரைப் பற்றிச் சொல்கிறது.

குறைந்த மைல் ஓடிய கார் நல்ல கார் என்று நினைக்காதீர்கள். 40,000 மைல் ஓடி, எட்டு வருஷம் கொட்டகையில் நின்ற காரையும், 1,10,000 மைல் ஓடி வருஷா வருஷம் ஆயில் மாற்றிய ரசீதுகளோடு வரும் காரையும் காட்டினால், இரண்டாவதைத்தான் நான் எடுப்பேன். நின்ற காரில் சீல்கள் காயும், பிரேக் பிடித்துக்கொள்ளும், தொட்டியில் பெட்ரோல் கெடும். இவை எதையும் மைல் மீட்டர் காட்டாது.

விலை பேசுவதும் கையெழுத்தும்

கண்டதையெல்லாம் இரண்டாகப் பிரியுங்கள். கூரையின் பிளாஸ்டிக் ஜன்னல் மங்கியது, ஸ்லேவ் சிலிண்டர், காலிப்பர், ரேடியேட்டர், டயர் இவையெல்லாம் பேரம் பேசும் விஷயம். பாகங்கள் எளிதாகக் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் நிறைய. சில்லிலும் முன்சட்டத்திலும் துரு, கனத்த தட்டல், பொருந்தாத சேஸிஸ் எண் இவை பேரத்துக்கு அப்பாற்பட்டவை. "வெல்டிங்குக்கு எவ்வளவு ஆகிவிடும்?" என்று அங்கேயே நின்று கணக்குப் போடாதீர்கள். வெட்டித் திறந்து பார்க்கும்வரை அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. என் காரில் முதலில் சொன்ன தொகை இரட்டிப்பானது.

பணம் கொடுக்கும் முன், வி5சியில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் வீடும் ஒன்றா, அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் காரில் பொறித்ததும் ஒன்றா என்று பாருங்கள். வி5சி பதிவு பெற்றவர் யார் என்று மட்டுமே சொல்லும். உரிமையாளர் அவர்தான் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அதனால் பணம் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். டீலரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான காரை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. தனியாரிடம் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விளம்பரத்தில் சொன்னபடி கார் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. விளம்பரத்தை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோகும் முன், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையில் (லோயர் ஆர்ம்) இருக்கும் நீண்ட போல்ட்டுகள் சுழல்கின்றனவா என்று கேளுங்கள், பல கார்களில் அவை இறுகிக் கிடக்கும். பிறகு இருக்கைகளுக்குப் பின்னால் எட்டி, மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் ஒயர் ஒன்றை இரண்டு வடிகுழாய்களிலும் மெதுவாக விட்டு எடுங்கள். கூர்மையான கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். தண்ணீர் ஊற்றி, அடியில் ஒழுகுவதைக் கண்ணால் பாருங்கள். இதை இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தம் வந்ததும் ஒருமுறை செய்கிறேன். பத்து நிமிஷ வேலை.